பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடக்கட்டும்

உங்களில் யாராவது ஒரு வெல்டரிடம் போய், "பாய், தயவுபண்ணி இன்னும் கொஞ்சம் அதிகமா வெல்டிங் அடிங்க" என்று கேட்டதுண்டா? நான் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அந்த மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பாவம், அதுவரை சுற்றியிருந்த ஷெட்காரர்கள் எல்லோரும் நிறுத்தச் சொல்லித்தான் அவரிடம் வந்திருக்கிறார்கள்.

இன்ஜினியரிங் படிக்கும் உங்களுக்கு இன்று வயர்லெஸ் என்றால் கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேஷன். இரைச்சல் வேண்டுமா, ஓர் எண்ணைத் தட்டினால் இரைச்சல். குறை சொல்லவில்லை, எங்களுக்கு அது கிடைத்திருந்தால் நானும் அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் அது தருவது நல்ல பிள்ளை இரைச்சல். சொன்னபடி கேட்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதாவது எங்கள் எஸ்டேட், எழுப்பும் இரைச்சல் அப்படியில்லை, அதற்குப் புத்தி உண்டு, சில நேரம் என்னைவிட அதிகமாகவே.

தொண்ணூறுகளின் தொடக்கம். எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் ரேடியோ பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான், ஆன்டெனாச் சாமான்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட டில்லிபாபு, வயரிங் பெஞ்சில் நான்கு பெண்கள், அவ்வளவுதான். நால்வரும் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள், அப்பாக்கள் பாதுகாப்புத் தொழிற்சாலையில். நானும் அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். கால்குலேட்டர்கூடத் தொட்டிராதவர்களுக்கு சர்க்யூட் படம் படிக்கக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

எங்கள் முதலாளிக்குப் பிழைப்பு டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றுவது. ரேடியோ அவருடைய ஆசை. ஆசை எத்தனை நாள் சோறு போடும்? ஒருநாள் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொன்னார்.

"ஸ்டெல்லா, இந்த ஏரி வேலை நமக்குக் கிடைச்சா ரேடியோ பிரிவு இருக்கும். கிடைக்கலேன்னா எனக்கு அந்த இடம் வேணும். புது வைண்டிங் மெஷினுக்குச் சொல்லியாச்சு. கோயம்புத்தூர்லேர்ந்து லாரி வருது."

"பொண்ணுங்க, சார்?"

"காயில் சுத்த ரெண்டு பேரு போதும்மா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஏரி வேலை இதுதான். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். அந்த உயரத்தை எண்ணாக்கி, சில நொடிக்கு ஒரு முறை ரேடியோவில் அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் மதகைத் திறப்பதா வேண்டாமா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தப்பான எண் போனால் கரையோர ஊர்களுக்கு என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்காக எங்கள் ஷெட் கூரைமேல் ஆன்டெனா வைத்து, அங்கிருந்து அனுப்புவதை இங்கே திரையில் காட்ட வேண்டும். வாங்குபவர்கள் சார்பில் பார்வையிட வந்தவர் ஒரு மூத்த இன்ஜினியர். குறைவாகப் பேசுவார், அதிகமாகப் பார்ப்பார்.

எண்ணை அப்படியே அனுப்பினால் வழியில் சிதையும். அதனால் பிழை திருத்தும் கோடிங் போட்டிருந்தோம். பன்னிரண்டு பிட் தகவலோடு பன்னிரண்டு பிட் காவலுக்குச் சேர்த்து, இருபத்து நாலு பிட்டில் ஒரு சொல். அந்தச் சொல்லில் எங்கே மூன்று பிட் கெட்டாலும் கோடிங் தானே திருத்திக்கொள்ளும். நான்காவது கெட்டால் கையை விரித்துவிடும், திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் வரும்.

வாராவாரம் சோதித்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த இன்ஜினியர் ஒரு புதன்கிழமை வந்தார். திரையில் எண் வந்தது. பிறகு கோடுகள். மறுபடி எண், மறுபடி கோடுகள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"இதுவரைக்கும் நல்லா வந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க?"

"வந்துச்சு சார். ஒவ்வொரு வாரமும்."

"என்னிக்கு டெஸ்ட் பண்ணீங்க?"

நானும் டில்லிபாபுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைதான், வேறென்று? அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காகத் தெருவுக்கு ஒரு நாள் வார விடுமுறை. எங்கள் தெருவுக்கு வெள்ளி. அன்றைக்குத்தான் கம்பெனி வேன் சும்மா நிற்கும், ஏரிக்கு எடுத்துப் போகலாம். அன்றைக்குத்தான் கரண்டும் முழு அளவில் வரும். எஸ்டேட்டில் எல்லோருமே புதுச் சாமானை வார விடுமுறையில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். தெருவே தூங்கும் நாளில் சோதித்துவிட்டு, தெருவே கத்தும் நாளில் விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கிறோம்.

"அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன்" என்றார் இன்ஜினியர். திட்டியிருந்தால் தேவலை.

அவர் ஜீப் போன பிறகு டில்லிபாபு வென்டிலேட்டரைக் காட்டினான். "மேடம், அங்க பாரு. நீல வெளிச்சம் பளிச்சுன்னு அட்சா இங்க கோடு வருது."

பக்கத்து ஷெட்டில் அலுமினியப் பால் கேன் செய்வார்கள். காதர் பாய் என்று ஒருவர், ஆர்கான் வெல்டிங்கில் கெட்டிக்காரர். அவர் ஒவ்வொரு முறை தீயைப் பற்றவைக்கும்போதும் காற்றில் ஒரு பெரிய கொத்தாக இரைச்சல் கிளம்பியது. ஒரு பத்துப் பன்னிரண்டு பிட்டை அடுத்தடுத்து வாரிக்கொண்டு போயிற்று. மூன்று பிழை திருத்தும் கோடிங்குக்கு ஒரே சொல்லில் பத்துப் பிழை என்றால் அது என்ன செய்யும், பாவம்.

இங்கேதான் இன்டர்லீவிங், பிட்டுகளைக் கலந்து அனுப்பும் முறை. புத்தகத்தில் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறாதது, எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில்தான் ஏறியது. நான்கு குரல் வரிசை. ஒரு வரிசை முழுக்க ஒரே ஷிஃப்ட் ஆட்கள். கிறிஸ்துமஸ் ஒத்திகையன்று அந்த ஷிஃப்டுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், அந்தக் குரலே காணோம், பாட்டு ஒரு கால் ஒடிந்து நின்றது. அடுத்த வாரம் ஒவ்வொரு வரிசையிலும் எல்லா ஷிஃப்ட் ஆட்களையும் கலந்து நிறுத்தினோம். பிறகு எந்த ஷிஃப்ட் வராமல் போனாலும் வரிசைக்கு ஒருவர் இருவர்தான் குறைவார்கள், மற்றவர்கள் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். பிட்டுக்கும் அதேதான். சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக அடுக்க வேண்டியது. அனுப்பும்போது மட்டும் மேலிருந்து கீழாக, முதல் சொல்லில் ஒரு பிட், இரண்டாவதில் ஒரு பிட் என்று எடுத்து அனுப்ப வேண்டியது. வழியில் ஒரு கொத்து நாசமானால், இந்தப் பக்கம் திரும்ப அடுக்கும்போது சொல்லுக்கு ஒரு பிழையாகப் பிரிந்துவிடும். ஒரு பிழையைக் கோடிங் ஊதித் தள்ளிவிடும்.

பன்னிரண்டு வரிசை வைத்தேன். தகவல் பன்னிரண்டு பிட், வரிசை பன்னிரண்டு, பார்க்க லட்சணமாக இருந்தது. டில்லிபாபு ஒரு பழைய ஸ்கூட்டர் காயிலால் பொறி கிளப்பிக் கொத்துக் கொத்தாகக் கெடுத்துப் பார்த்தான். எண் அசையவில்லை. ஏரிப் பக்கமும் இந்தப் பக்கமும் புதுச் சிப் மாட்டினோம். வயரிங் பெண்கள் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, வெல்டிங் நடக்கும்போது ஓட்டிப் பார்த்தோம். முன்பாவது தீ பற்றவைக்கும் நேரம் மட்டும்தான் கோடுகள் வந்தன. இப்போது பாய் வெல்டிங் செய்துகொண்டிருக்கும் நேரம் முழுக்கக் கோடுகள், கோடுகள், கோடுகள். மருந்து கொடுத்ததும் நோய் முற்றியிருந்தது.

"இன்னா மேடம் இது, நல்லா இருந்ததயும் கெட்துகினோம்?" என்றான் டில்லிபாபு. ஆறு மணிக்குப் பாய் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரைச்சல் இல்லாமல் எதைப் பார்ப்பது? நானும் கொரட்டூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

புதன்கிழமை காலை ஷெட்டுக்குள் நுழையும்போதே வாசலில் லாரி. வைண்டிங் மெஷின் தார்ப்பாய் போர்த்தி உட்கார்ந்திருந்தது. இறக்கவில்லை, ஆனால் வந்துவிட்டது. நான்கு பெண்களும் பெஞ்சில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் பக்கத்துல பேசிட்டேன். பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வெல்டிங்க நிறுத்தி வைக்கறேன்னாங்க. ஒரு மணி நேரம்தான? காட்டிட்டு அனுப்பிருவோம்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆறு பேர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"சார், மழை ராத்திரி ஏரி ரொம்பும்போது எவன் எங்க வெல்டிங் பண்றான்னு தேடிப் போய் நிறுத்துவீங்களா?"

"ஸ்டெல்லா, இப்ப வியாக்கியானம் வேணாம்."

"இந்த ரேடியோவ நம்பி மதகு திறப்பாங்க சார். நிறுத்தச் சொல்லாதீங்க. எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

பத்து நிமிஷத்தில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. போய் ரிசீவரின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாய் வேலையைத் தொடங்கியிருந்தார். முதலில் சடாரென்று ஒரு கொத்து, அதுதான் தீ பற்றவைப்பது. பிறகு ஒரே சீராக ஒரு முனகல். அதுவரை அந்த முனகலை நாங்கள் யாரும் மதித்ததே இல்லை. அது மெல்லியது, கோடிங்கே அதைத் திருத்திக்கொண்டிருந்தது.

என் தலைக்கு மேல் டியூப்லைட் சோக் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் சுதி பிடித்துப் பழகிய காது. ஸ்பீக்கரும் சோக்கும் ஒரே சுதியில் பாடின. துளிகூட விலகல் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டுக்கும் தாய் ஒன்றே, மின்சாரம். அலுமினிய வெல்டிங் ஏசி கரண்டில் நடப்பது, நொடிக்கு நூறு முறை பொறி அணைந்து மறுபடி பற்றும். நாங்கள் அனுப்புவது நொடிக்கு ஆயிரத்து இருநூறு பிட். வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பிட்டுக்கு ஒரு பொறி. பன்னிரண்டாவது பிட்டை மட்டும் தட்டிவிட்டுப் போகிறது. நானோ பன்னிரண்டு வரிசை வைத்து, ஒவ்வொரு பன்னிரண்டாவது பிட்டையும் பொறுக்கி ஒரே சொல்லில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறேன். முன்பு சொல்லுக்கு இரண்டு பிழையாக இருந்ததை, எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் இறக்கியிருக்கிறேன். எதிரிக்கு நானே வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். பதிமூன்று வரிசை. பன்னிரண்டு பிட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. முதல் குறி ஒரு வரிசையில், அடுத்தது அதற்கு மேல் வரிசையில், இப்படியே படியேறிப் போயிற்று. கடைசியில் எண்ணினால் வரிசைக்குச் சரியாக இரண்டு. மேலே தீ பற்றவைக்கும் கொத்து வந்தால் வரிசைக்கு இன்னொன்று. மூன்று. கோடிங் தாங்குவது மூன்று.

முதலாளியிடம் ஓடினேன். தாளைப் பார்த்தார். "பதிமூணு எதுக்கு? பதினாறு வையேன், ரவுண்டா இருக்கும்."

"பதினாறும் பன்னெண்டும் சொந்தக்காரங்க சார். ரெண்டையும் நாலு வகுக்கும். பிழையெல்லாம் நாலே வரிசையில போய்க் குமியும். பதிமூணு யாருக்கும் ஒட்டாது."

அவர் முகம் சுருங்கியது. அவர் தினமும் வேதம் வாசிப்பவர், சபையில் மூப்பர். "பதிமூணு வேணாம்மா. பதிமூணு பேரு உக்காந்த கடைசிப் பந்தியிலதான் ஆண்டவர ஒருத்தன் காட்டிக் கொடுத்தான்."

"அதே பந்தியிலதான் சார் நமக்கு அப்பமும் திராட்சரசமும் கெடச்சுது."

ஒரு நொடி முறைத்தார். பிறகு, அவரை மீறி, சிரித்துவிட்டார். "உன்கிட்ட வாய் குடுத்தா முடியுமா. செய். ஆனா லாரிக்காரன மத்தியானம் வரைக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும்."

சோதித்துப் பார்க்க நேரமில்லை. இரண்டு பக்கச் சிப்பும் ஒரே வரிசை எண்ணிக்கையில் இருந்தால்தான் வேலை செய்யும். புதுச் சிப் இரண்டில் எழுதி, ஒன்றை இங்கே மாட்டினேன், இன்னொன்றை டில்லிபாபு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேனைக் கிளப்பினான். பூந்தமல்லியைத் தாண்டி ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"வழியில டீ கீ குடிச்சுகினு நிக்காத" என்றேன்.

"இன்னா மேடம், நம்ம மேல இவ்ளோதான் நம்பிக்கயா?" என்று கோபித்துக்கொண்டே போனான்.

அவன் போனதும் பக்கத்து ஷெட்டுக்குப் போனேன். காதர் பாய் முகமூடியைத் தூக்கி, "பதினொண்ணுக்கு நிறுத்தணும்னு மொதலாளி சொன்னாரும்மா, தெரியும்" என்றார்.

"நிறுத்தாதீங்க பாய். அந்த ஒரு மணி நேரம் தீ வெச்சு வெச்சு எடுங்க. எவ்ளோ அடிக்க முடியுமோ அவ்ளோ."

அப்போதுதான் அந்தப் பார்வை. "இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று அக்கறையாகவே கேட்டார். டீயும் பஜ்ஜியும் வந்த பிறகுதான் நம்பினார்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். தன் உதவியாளரை ஏற்கெனவே ஏரிக்கு அனுப்பியிருந்தார். மிதவையைத் தன் இஷ்டப்படி தூக்கி, மூன்று உயரத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறாராம். எந்த உயரம் என்று அவருக்கே தெரியாது. திரையில் வெறும் கோடுகள். டில்லிபாபு இன்னும் சிப்பை மாற்றவில்லை என்று அர்த்தம். அல்லது மாற்றியும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எது என்று யாருக்குத் தெரியும்?

மிதவைப் பக்கம் போன் கிடையாது, அங்கே பேச ஒரு பழைய வாய்ஸ் செட் வைத்திருந்தோம். அதில் டில்லிபாபுவின் குரல் வந்தது. "மேடம்..." என்பது மட்டும் கேட்டது. பாய் தீ வைத்தார். கர்ர்ர் என்று செட் அலறியது. "மே... டேன்... மேடம்..." மறுபடி அலறல். நான் செட்டைக் காதில் அழுத்திக்கொண்டு, "மாட்டிட்டியா? சொல்லு" என்று கத்தினேன். கர்ர்ர். நான்கு பெண்களும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"அது என்ன வெளிச்சம்?" என்றார் இன்ஜினியர், வென்டிலேட்டரைப் பார்த்து.

"வெல்டிங் சார். தினமும் நடக்கும்."

"இன்னிக்கு நிறுத்தி வைக்கச் சொல்லலையா?"

"அதிகமா அடிக்கச் சொல்லியிருக்கேன் சார்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன், என்னைச் சபித்திருக்கவும் கூடும்.

அப்போது திரையில் எண் வந்தது.

வென்டிலேட்டரில் நீல வெளிச்சம் அடித்தது. எண் நின்றது. வாய்ஸ் செட் அலறியது. எண் நின்றது. பிறகு மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது, நின்றது. பாய் பஜ்ஜிக்கு நன்றிக்கடன் தீர்ப்பதுபோல் தீ வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கோடு வரவில்லை. ஒரே ஒரு கோடுகூட. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது.

இன்ஜினியர் எண் நின்ற மூன்று இடங்களையும் குறித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து மதகு அறைக்குப் பேசினார். "எங்கெங்க நிறுத்துன?" அந்தப் பக்கம் சொன்ன மூன்று எண்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். மூன்றும் நாங்கள் பார்த்த எண்கள். போனை வைத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"எங்க கன்ட்ரோல் ரூம் பக்கத்துலயும் ஒரு பட்டறை இருக்கு. அதச் சொல்லாமலே உங்கள டெஸ்ட் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார். "எத்தனை செட், எப்ப தருவீங்க, அத மட்டும் சொல்லுங்க."

முதலாளி பதில் சொல்வதற்கு முன்பு வாசலுக்குப் போனார். லாரிக்காரரிடம் அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் லாரி தார்ப்பாயோடு அப்படியே பின்னால் நகர்ந்து காயில் ஷெட் பக்கம் போனதை நான்கு பெண்களும் பார்த்தார்கள். அவர்களில் சின்னவள் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன், இதிலென்ன வெட்கம்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் எத்தனையோ ரேடியோ செய்தோம். வெள்ளிக்கிழமை சோதனை மட்டும் நின்றுபோனது. பிற்பாடு பால் கேன்காரர் இடம் மாறப் பார்த்தபோது, எங்கள் முதலாளியே போய், "இங்கயே இருங்க, உங்க சத்தம் எங்களுக்கு வேணும்" என்று கெஞ்சி நிறுத்திவைத்தார். நீங்களும் உங்கள் சாமானைத் தெரு விழித்திருக்கும்போது கொண்டுபோய்ப் பாருங்கள். அது ஏற்கெனவே சத்தமில்லாமல் எதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு அதில் கை வையுங்கள்.

டில்லிபாபு வேனில் திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஷெட்டே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"அப்போ வேல செஞ்சிச்சா? அங்க தொண்ட கீய கத்திகினே கீறேன், ஒரு பதிலும் காணோம். நான் சொன்னது ஒண்ணாவது கேட்டுச்சா மேடம்?"

"நீ சொன்னது ஒரு வார்த்த கேக்கலப்பா" என்றேன். "ஏரி சொன்னது எல்லாம் கேட்டுது. உள்ள வா, சாப்பிடு."